படகில் சப்வூஃபர் பெட்டி: இடம் குறைந்த படகுகளுக்கான கேள்வி பதில்

இங்கே வரும் பதில்கள் எல்லாம் 17 முதல் 20 அடி வரை நீளமுள்ள, கூரை இல்லாத ஃபைபர் மோட்டார் படகை மனதில் வைத்து எழுதியவை. நடுவில் ஸ்டியரிங் கன்சோல், பின்னால் அவுட்போர்டு எஞ்சின், இரண்டு மூன்று இருக்கைகள், அவற்றின் அடியில் லைஃப் ஜாக்கெட்டும் நங்கூரக் கயிறும். மொத்த இடமே அவ்வளவுதான். இதற்குள் ஒரு 10 அங்குல சப்வூஃபரை, அதாவது பேஸ் என்கிற கீழ்ஸ்தாயி ஒலிக்கென்றே உள்ள ஸ்பீக்கரை, ஒழுங்காக உட்காரவைக்க முடியும். நான் ஒரு முறை தப்பாகக் கட்டி, பிரித்து, மறுபடி கட்டியிருக்கிறேன். அந்த இரண்டு தடவையிலும் கற்றதுதான் கீழே இருக்கிறது.

முதலில் சப்வூஃபரை வாங்குவதா, பெட்டியைக் கட்டுவதா?

ஸ்பீக்கரையும் வாங்க வேண்டாம், பலகையையும் அறுக்க வேண்டாம். ஒரு டேப்பும் நாலைந்து பழைய அட்டைப்பெட்டிகளும் எடுத்துக்கொண்டு படகுக்குப் போங்கள்.

என் முதல் முயற்சி கெட்டது இந்த வரிசை மாறியதால்தான். நல்ல விலைக்குக் கிடைத்ததே என்று ஒரு 12 அங்குல சப்வூஃபரை வாங்கிவிட்டேன். அதற்கு 40 லிட்டர் பெட்டி வேண்டும். கன்சோலுக்கு அடியில் எனக்குக் கிடைத்ததோ 22 லிட்டர். பரவாயில்லை என்று திணித்துக் கட்டினேன். எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே சுரத்தில் இடித்தது. தவிலுக்கும் பேஸ் கிட்டாருக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

எனவே இடத்தின் லிட்டர் முதலில், அந்த லிட்டருக்கு ஏற்ற ஸ்பீக்கர் அப்புறம். அட்டையை வெட்டி, டேப் ஒட்டி, நீங்கள் நினைக்கும் அளவில் ஒரு பொய்ப்பெட்டி செய்து அந்த இடத்தில் வையுங்கள். அதோடு ஒரு நாள் படகை ஓட்டிப் பாருங்கள். முழங்கால் இடிக்கிறதா, பேட்டரி சுவிட்சுக்குக் கை எட்டுகிறதா, அவசரத்தில் லைஃப் ஜாக்கெட்டை ஒரே இழுப்பில் எடுக்க முடிகிறதா என்பதெல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும்.

எந்தெந்த இடங்களைப் பார்க்கலாம்? எதைத் தொடக்கூடாது?

எனக்குப் பிடித்த இடம் கன்சோலின் உட்புறம், ஓட்டுபவரின் கால் பக்கம் பார்த்தபடி. மழையும் அலைத்தெறிப்பும் நேராக விழாது, படகின் நடுவில் இருப்பதால் எடை ஒரு பக்கம் சாயாது, ஆம்ப்ளிஃபையருக்கும் பக்கம். அடுத்தது ஓட்டுநர் இருக்கையின் அடிப்பகுதி. பக்கச் சுவருக்குள் இருக்கும் ஒடுக்கமான இடைவெளி மூன்றாவது. அங்கே ஆழம் குறைந்த வகை சப்வூஃபர்தான் போகும். அந்த வகையில் 8, 9 சென்டிமீட்டர் ஆழத்தில் அடங்குகிறவை கிடைக்கின்றன.

தொடக்கூடாதது: தளத்துக்கு அடியிலும் பக்கங்களிலும் அடைத்திருக்கும் மிதவை ஃபோம். "சும்மாதானே கிடக்கிறது, கொஞ்சம் வெட்டி எடுத்தால் 15 லிட்டர் கிடைக்குமே" என்று தோன்றும். படகில் தண்ணீர் நிறைந்தாலும் அது முழுகாமல் மிதப்பது அந்த ஃபோமினால்தான். அமெரிக்கச் சட்டம் 20 அடிக்குக் குறைந்த மோட்டார் படகுகள் பெரும்பாலானவற்றுக்கு இந்த மிதப்பைக் கட்டாயமாக்கியிருக்கிறது. எந்தப் பாட்டுக்காகவும் அதில் கை வைக்காதீர்கள். தண்ணீர் இறைக்கும் பம்புக்குப் போகும் வழி, பெட்ரோல் டேங்கின் மூடிகள், காற்றுக்குழாய்கள் ஆகியவற்றையும் மறைக்கக்கூடாது.

வெளி அளவு 40 லிட்டர் வருகிறது. 40 லிட்டர் பெட்டி என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. இடம் குறைந்த படகில் சுவரின் தடிமன்தான் பெரிய திருடன். 50 × 40 × 20 சென்டிமீட்டர் வெளி அளவுள்ள பெட்டியைப் பாருங்கள். வெளிக்கணக்கு சரியாக 40 லிட்டர். 18 மில்லிமீட்டர் ப்ளைவுட்டில் கட்டினால் உள்ளே மிஞ்சுவது 27.7 லிட்டர். 12 மில்லிமீட்டரில் கட்டினால் 31.5. ஃபைபர் கிளாஸில் 6 மில்லிமீட்டர் சுவராக வார்த்தால் 35.6. அதே இடம், அதே வெளி அளவு, ஆனால் 18 மில்லிமீட்டர் பலகைக்கும் ஃபைபருக்கும் நடுவே கிட்டத்தட்ட 8 லிட்டர் வித்தியாசம். 10 அங்குல ஸ்பீக்கருக்கு அந்த 8 லிட்டர் பெரிய சொத்து.

இதிலிருந்து ஸ்பீக்கரின் காந்தமும் கூடையும் (அதைத் தாங்கும் உலோகச் சட்டம்) அடைக்கும் இடத்தையும் கழிக்க வேண்டும். 10 அங்குலத்துக்குச் சுமார் 2 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். சரியான எண் அதன் கையேட்டில் இருக்கும். கையேட்டில் கன அடியில் போட்டிருந்தால் ஒரு கன அடி 28.3 லிட்டர்.

காரில் இருந்த பெட்டியை அப்படியே தூக்கி வைத்தால் என்ன?

இரண்டு காரணங்களால் ஏமாற்றம்தான் மிஞ்சும். கார் பெட்டிகள் பெரும்பாலும் எம்.டி.எஃப். பலகையில் செய்தவை. அது அமுக்கிய மரத்தூள். ஈரம் பட்டால் ஊறி, விளிம்பு பூத்து, திருகு பிடிக்காமல் போகும். மேலே என்ன பெயின்ட் அடித்தாலும் உப்புக்காற்று ஒரு திருகு ஓட்டை வழியாக உள்ளே போய்விடும்.

இரண்டாவது காரணத்தைப் பலர் யோசிப்பதில்லை. காரின் மூடிய கூடு, கீழ்ஸ்தாயி ஒலியை இலவசமாகப் பெருக்கிக் கொடுக்கிறது. கண்ணாடியை ஏற்றியதும் பேஸ் கூடுவதைக் கவனித்திருப்பீர்கள். திறந்த படகில் அந்த உதவி துளியும் கிடையாது. சுவரில்லை, கூரையில்லை, தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் போய்விடும். அதற்கு மேல் எஞ்சின் இரைச்சல், காற்று. ஆகவே 25 ஹெர்ட்ஸ் வரை இறங்க வேண்டும் என்ற ஆசையைக் கரையிலேயே விட்டுவிடுங்கள். 45 ஹெர்ட்ஸிலிருந்து 90 வரை நன்றாகக் கேட்டால் தவில், மிருதங்கத்தின் தொப்பி, பேஸ் கிட்டார் எல்லாம் உடம்போடு தெரியும். இந்த இலக்கை ஏற்றுக்கொண்டால் சின்னப் பெட்டியே போதுமானதாகிவிடும்.

சீல்டு பெட்டியா, போர்ட் வைத்த பெட்டியா?

சீல்டு என்றால் காற்றுப் புகாமல் முழுக்க மூடிய பெட்டி, போர்ட் என்றால் காற்று வந்துபோக ஒரு குழாய் வைத்தது. இடம் குறைந்த படகுக்கு என் பதில் சீல்டுதான். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒலிப்பெட்டிக் கலையில் ஹாஃப்மனின் இரும்பு விதி என்று ஒன்று உண்டு. கே.எல்.எச். ஸ்பீக்கர் கம்பெனியின் பெயரில் உள்ள மூன்றாம் எழுத்துக்குரியவர் ஹாஃப்மன். சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த மின்சாரத்தில் அதிகச் சத்தம் என்ற மூன்றில் இரண்டுதான் கிடைக்கும் என்பது அவர் விதி. படகில் சின்னப் பெட்டி என்பது நம் கையை மீறிய முடிவு. ஆகவே ஆழத்தில் கொஞ்சமும் மின்சாரத்தில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கிறோம்.

சீல்டு பெட்டியில் உள்ளே அடைபட்ட காற்றே ஸ்பிரிங் மாதிரி கோனை (ஸ்பீக்கரில் முன்னும் பின்னும் ஆடும் கூம்பு) தாங்கிப் பிடிக்கும். எட்கர் வில்ச்சூர் 1954-ல் ஏ.ஆர்.-1 என்ற ஸ்பீக்கரில் இதைத்தான் விற்பனைக்குக் கொண்டுவந்தார். கணக்கும் எளிது. ஸ்பீக்கரின் கையேட்டில் எஃப்.எஸ். (Fs), க்யூ.டி.எஸ். (Qts), வாஸ் (Vas) என்று மூன்று எண்கள் இருக்கும். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-லும், ரிச்சர்ட் ஸ்மால் 1970-களிலும் வகுத்த முறையில் வருபவை இவை. வாஸை உங்கள் பெட்டியின் லிட்டரால் வகுத்து, 1 கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள். அந்த எண்ணால் எஃப்.எஸ்.ஸைப் பெருக்கினால் பெட்டியில் வைத்த பிறகு ஸ்பீக்கர் ஒத்ததிரும் ஹெர்ட்ஸ் வரும், க்யூ.டி.எஸ்.ஸைப் பெருக்கினால் பெட்டியின் க்யூ, அதாவது அந்த ஹெர்ட்ஸில் ஒலி எவ்வளவு உப்பும் என்பதைக் காட்டும் எண் வரும்.

எஃப்.எஸ். 30 ஹெர்ட்ஸ், க்யூ.டி.எஸ். 0.5, வாஸ் 25 லிட்டர் என்று ஒரு 10 அங்குல ஸ்பீக்கர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 20 லிட்டர் பெட்டியில் வைத்தால் 25-ஐ 20-ஆல் வகுக்க 1.25, ஒன்று கூட்ட 2.25, வர்க்கமூலம் 1.5. ஆக 45 ஹெர்ட்ஸ், க்யூ 0.75. அருமையான பொருத்தம். அதே ஸ்பீக்கரை 12.5 லிட்டரில் வைத்தால் 52 ஹெர்ட்ஸ், க்யூ 0.87, திறந்த படகில் இதுகூடத் தாராளமாக ஓடும். 8 லிட்டரில் திணித்தால் 61 ஹெர்ட்ஸ், க்யூ ஒன்றைத் தாண்டும். என் முதல் பெட்டி செய்த தவறு இதுதான். ஒரே இடத்தில் உப்பிக்கொண்டு மற்றதெல்லாம் மறைந்துபோகும்.

க்யூ 0.7 என்றால் ஒலி எங்கும் உப்பாமல் சமமாக இருக்கும். படகுக்கு 0.7 முதல் 0.9 வரை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைத் தாண்ட விடாதீர்கள்.

போர்ட் வைத்தால் சத்தம் கூடுமே?

கூடும், அதை மறுக்கவில்லை. ஆனால் குழாயின் நீளத்தைப் பாருங்கள். 35 லிட்டர் பெட்டியை 40 ஹெர்ட்ஸுக்கு ட்யூன் செய்ய 7.5 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய் என்றால் 18 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். இந்த விட்டத்தில் காற்று சீறுகிறதே என்று 10 சென்டிமீட்டருக்கு மாற்றினால் நீளம் 35 சென்டிமீட்டர் ஆகிவிடும். அந்தக் குழாய் மட்டுமே ஏறத்தாழ 2.7 லிட்டர் இடத்தைத் தின்னும். 20 லிட்டருக்கே அல்லாடும் படகில் இது எங்கே போகும்?

இன்னொன்று, போர்ட் என்பது கடலுக்குத் திறந்த வாய். அலைத்தெறிப்பு, படகு கழுவும் தண்ணீர், பூச்சி எல்லாம் போகும். ட்யூன் செய்த ஹெர்ட்ஸுக்குக் கீழே கோனைத் தாங்கிப் பிடிக்க உள்ளே காற்று ஸ்பிரிங்கும் இருக்காது; ஆம்ப்ளிஃபையரில் மிகத் தாழ்ந்த ஒலியை வெட்டும் சப்சோனிக் ஃபில்டர் போடாவிட்டால் கோன் கட்டுப்பாடு இழந்து ஆடும். 35, 40 லிட்டர் தாராளமாகக் கிடைக்கும் பெரிய படகு உங்களுடையது என்றால் போர்ட் வையுங்கள், வாயைக் கீழ்நோக்கித் திருப்பி வையுங்கள்.

பெட்டியே இல்லாமல் கன்சோல் சுவரில் ஓட்டை போட்டுப் பொருத்துகிறார்களே?

ஃப்ரீ ஏர் முறை அது. கன்சோலின் உள்வெளியே பெட்டியாகிவிடுகிறது. படகுக்கான சப்வூஃபர்களில் இதற்கென்றே தனி மாடல்கள் உண்டு; பெட்டிக்கான மாடலைவிட அவற்றின் க்யூ.டி.எஸ். அதிகமாக, 0.6-க்கு மேல் இருக்கும். பெட்டி மாடலை வாங்கி ஃப்ரீ ஏராகப் போட்டால் மெலிந்த சத்தம் வரும், வேகமாகவும் கெட்டுப்போகும்.

இதில் வெற்றியும் தோல்வியும் ஒரே இடத்தில்தான். கோனின் முன்பக்கக் காற்றும் பின்பக்கக் காற்றும் சந்திக்கக்கூடாது. கன்சோலின் கதவு இடுக்கு, வயர் போகும் ஓட்டை, தளத்தோடு சேரும் விளிம்பு என்று எல்லா வழியாகவும் பின்பக்க ஒலி வெளியே வந்து முன்பக்க ஒலியை அழித்துவிடும். அந்த ஓட்டைகளை எல்லாம் அடைத்து, ஸ்பீக்கர் உட்காரும் இடத்தில் உட்புறமாக 18 மில்லிமீட்டர் ப்ளைவுட் வளையம் ஒட்டி, கன்சோல் சுவர் அதிராமல் செய்துவிட்டால் நன்றாகவே பாடும். ஒரு லிட்டர் இடம்கூட இல்லாத படகுக்கு இது நேர்மையான வழி.

ப்ளைவுட் என்றால் எந்த ப்ளைவுட்?

கடையில் "வாட்டர் ப்ரூஃப்" என்று சொல்வதை எல்லாம் நம்பாதீர்கள். இந்தியாவில் வாங்கினால் பலகையின் மேல் ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் மரைன் ப்ளைவுட்டுக்கான தரம். ஐ.எஸ். 303 என்று இருந்தால் அது வீட்டு அலமாரிக்கான ரகம். வெளிநாடுகளில் பி.எஸ். 1088 என்று கேட்கலாம். மரைன் ப்ளைவுட்டும் அறுத்த விளிம்பில் தண்ணீர் குடிக்கும். ஆகவே எல்லா விளிம்புக்கும், போடும் ஒவ்வொரு ஓட்டையின் உட்புறத்துக்கும் எபாக்ஸி (இரண்டு பாகம் கலந்தால் இறுகும் பிசின்) இரண்டு கோட் கட்டாயம்.

நேரான, சதுரமான இடம் இருந்தால் ப்ளைவுட் போதும். ஆனால் படகில் நேரான இடம் எங்கே இருக்கிறது? அங்கேதான் ஃபைபர் கைகொடுக்கிறது.

படகின் வளைவுக்கே பொருந்தும் ஃபைபர் பெட்டியை எப்படி வார்ப்பது?

படகையே அச்சாக வைத்துக்கொள்வதுதான் இதன் அழகு. கடலோர ஊர்களில் ஃபைபர் படகு கட்டும் பட்டறைகளில் மேட்டும் (கண்ணாடி நார் விரிப்பு) ரெசினும் (இறுகும் பிசின்) கையாளுகிறவர்களை ஒரு நாள் நின்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். எழுதிப் புரியவைக்க முடியாத கைப்பக்குவம் அதில் இருக்கிறது.

பெட்டி வரப்போகும் மூலையை நன்றாகத் துடைத்து, முழுக்க மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன்மேல் அலுமினியத் தாள் போர்த்தி, வாக்ஸ் தடவுங்கள். ஒரு சொட்டு ரெசின்கூடப் படகின் மேல் நேராகப் படக்கூடாது. பிறகு சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட்டைத் துண்டுகளாகக் கிழித்து, ரெசின் தோய்த்து, ரோலரால் காற்றுக்குமிழி போகும்வரை அழுத்துங்கள். கத்தரியால் வெட்டாமல் கையால் கிழித்தால் விளிம்பு நார்நாராக நின்று அடுத்த துண்டோடு நன்றாகச் சேரும். ஒரு அடுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் தரும். படகுக்குள் இரண்டு அடுக்கு மட்டும் போட்டு, இறுகியதும் அந்த ஃபைபர் ஓட்டினை வெளியே எடுத்துவிடுங்கள். மீதி நான்கு அடுக்கை வெளியே திறந்த இடத்தில், நிழலில் போடலாம். குறுகிய கன்சோலுக்குள் தலையை விட்டுக்கொண்டு ரெசின் வாடையில் மணிக்கணக்காக வேலை செய்வது உடம்புக்கு ஆகாது.

வார்ப்பதற்கு முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள்: வாய் அகலமாகவும் அடி குறுகலாகவும் இருக்கிறதா? எங்காவது உள்வாங்கிய வளைவு இருந்தால் ஓடு இறுகிய பிறகு வெளியே வராது. அந்தக் குழியை முன்பே களிமண்ணால் நிரப்பிச் சமப்படுத்துங்கள். தெர்மோகோல் வைக்காதீர்கள், பாலியஸ்டர் ரெசின் பட்டதும் அது கரைந்துபோகும்.

வளைந்த பரப்பு தானாகவே விறைப்பாக நிற்கும். தட்டையான பரப்புதான் அதிரும். அங்கே பி.வி.சி. குழாயை நீளவாக்கில் பிளந்து கவிழ்த்து வைத்து, மேலே இரண்டு அடுக்கு மேட் போட்டால் நல்ல விலா எலும்பு ஆகிவிடும். முன்பலகை மட்டும் 18 மில்லிமீட்டர் மரைன் ப்ளைவுட்டாக இருக்கட்டும். 6 மில்லிமீட்டர் ஃபைபரில் ஸ்பீக்கரின் போல்ட் உறுதியாக நிற்காது.

முன்பலகையை ஒட்டுவதற்கு முன், ஃபைபர் ஓட்டினை மணலில் மட்டமாக உட்காரவைத்து லிட்டர் குவளையால் தண்ணீர் ஊற்றி அளந்துகொள்ளுங்கள். வளைந்த பெட்டியின் கொள்ளளவுக்கு இதைவிடச் சரியான கணக்கு கிடையாது. இப்போது வரும் லிட்டரை வைத்துத்தான் ஸ்பீக்கர் வாங்கக் கடைக்குப் போக வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. சில கடைகளில் பாலியஸ்டர் ரெசினோடு கோபால்ட்டும் (இறுகுவதை வேகப்படுத்துவது) கேட்டலிஸ்ட்டும் (இறுகவைப்பது) தனித்தனிப் புட்டிகளில் தருவார்கள். அந்த இரண்டையும் நேருக்கு நேர் ஒருபோதும் கலக்காதீர்கள். தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட்டை ரெசினில் முழுக்கக் கலக்கி முடித்த பிறகே கேட்டலிஸ்ட். கண்ணாடி அணியாமல் கேட்டலிஸ்ட் புட்டியைத் திறக்கவே வேண்டாம். ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

எபாக்ஸியா, பாலியஸ்டரா?

ஓடு வார்க்கப் பாலியஸ்டர் மலிவு, வேகம். ப்ளைவுட்டையும் ஃபைபர் ஓட்டினையும் சேர்த்து ஒட்ட எபாக்ஸி. இறுகிய பாலியஸ்டர் மேல் எபாக்ஸி நன்றாகப் பிடிக்கும், மாற்றிப் போட்டால் அவ்வளவாகப் பிடிக்காது. எனவே பாலியஸ்டர் வேலை எல்லாம் முதலில், எபாக்ஸி கடைசியில் என்று வரிசைப்படுத்துங்கள். ஒட்டும் முன் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல் விடக்கூடாது. முழுப் பெட்டியையும் எபாக்ஸியில் செய்வதானால் சாதாரண மேட் சரிப்படாது. அதன் நார்களைப் பிடித்திருக்கும் பசை பாலியஸ்டர் ரெசினில்தான் கரையும். நெய்த ஃபைபர் துணி வாங்குங்கள்.

உள்ளே பஞ்சு வைத்தால் பெட்டி பெரிதானது போல ஆகுமாமே?

ஆகும், ஓரளவுக்கு. தலையணைக்குள் வைக்கிற பாலியஸ்டர் பஞ்சைத் தளர்வாக நிரப்பினால் பெட்டி 10 முதல் 20 சதவீதம் பெரிதானது போல நடந்துகொள்ளும். இலவம்பஞ்சோ பருத்தியோ வேண்டாம், ஈரத்தைப் பிடித்துப் பூஞ்சை கட்டும்.

"மரைன்" என்று எழுதிய ஸ்பீக்கர்தான் வேண்டுமா?

கடலில் ஓட்டுவதானால் ஆம். ஏரியில் ஓட்டி, ஒவ்வொரு முறையும் வீட்டுக்குக் கொண்டுபோய் மூடி வைப்பவர் என்றால் கொஞ்சம் தளர்த்தலாம். கார் ஸ்பீக்கரின் காகிதக் கோனும் இரும்புக் கூடையும் உப்புக்காற்றில் சீக்கிரம் வீணாகும். மரைன் வகையில் கோன் பிளாஸ்டிக், விளிம்பு ரப்பர், திருகுகள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஸ்பீக்கர் வரும் அட்டைப்பெட்டியின் மேல் ஏ.எஸ்.டி.எம். பி117 என்று இருந்தால் உப்புப் பனியில் சோதித்தது, டி4329 என்று இருந்தால் வெயிலின் புற ஊதாக் கதிருக்குச் சோதித்தது. இந்த எண்கள் எதுவும் இல்லாமல் வெறும் "மரைன்" என்று மட்டும் இருந்தால் வெள்ளைப் பெயின்ட் அடித்த கார் ஸ்பீக்கராகவும் இருக்கலாம்.

8 அங்குலம் போதுமா?

12 லிட்டருக்குக் கீழே இடம் என்றால் 8 அங்குலமே சரி. கோனின் பரப்பு 10 அங்குலத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு என்பது உண்மைதான். ஆனால் 10 லிட்டரில் பொருந்தி உட்கார்ந்த 8 அங்குலம், அதே 10 லிட்டரில் மூச்சுத் திணறும் 10 அங்குலத்தைவிடத் தெளிவாகப் பாடும். ஈக்வலைசரில் கீழ்ஸ்தாயியை ஏற்றிச் சரிக்கட்டலாம் என்று நினைக்காதீர்கள். அதே சத்தத்தில் ஹெர்ட்ஸ் பாதியானால் கோன் நான்கு மடங்கு தூரம் ஆட வேண்டும்.

ஆம்ப்ளிஃபையருக்கு வயர், ஃப்யூஸ், பேட்டரி எப்படி?

500 வாட் கிளாஸ் டி (மின்சாரத்தை அதிகம் வீணாக்காத வகை) ஆம்ப்ளிஃபையர் முழுச் சத்தத்தில் 45 ஆம்பியர் இழுக்கும். பேட்டரி பின்னால், ஆம்ப் கன்சோலில், நடுவே 5 மீட்டர் என்றால் போக வர 10 மீட்டர். 16 சதுர மில்லிமீட்டர் செப்பு வயரில் அரை வோல்ட் போய்விடும். 25 சதுர மில்லிமீட்டர் போட்டால் 0.33 வோல்ட்தான். 25-ஏ போடுங்கள். வெள்ளீயம் பூசிய செப்பாக இருக்கட்டும். செப்பு பூசிய அலுமினிய வயரைப் படகுக்குள் ஏற்றவே கூடாது. உப்பு பட்டால் உள்ளேயே பொடியாகி, மூட்டு சூடாகி, தீ வரை போகும். ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து 18 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும்.

பாட்டு ஓடும்போது சராசரி இழுப்பு 12, 15 ஆம்பியர் வரும். 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் பயன்படுத்தலாம், ஆக மூன்று நாலு மணி நேரம். எஞ்சினைக் கிளப்பும் பேட்டரி வேறாக இருக்கட்டும். கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், பாட்டுக் கேட்டுத் தீர்ந்த பேட்டரியோடு நிற்கும் நிலை யாருக்கும் வரக்கூடாது.

பெட்ரோல் படகில் ஏதாவது ஆபத்து உண்டா?

உண்டு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, அடியில்தான் தேங்கும். டேங்க் இருக்கும் அறையிலோ, அதோடு காற்றுவழி உள்ள லாக்கரிலோ ஆம்ப்ளிஃபையர், ரிலே, சுவிட்ச் எதையும் வைக்காதீர்கள். தீப்பொறி வெளியேறாதபடி செய்த, ஐ.எஸ்.ஓ. 8846 தரத்துக்கு உட்பட்ட பொருள்கள் மட்டுமே அங்கே இருக்கலாம். சாதாரண ஆடியோ ஆம்ப் அந்த வகையைச் சேர்ந்ததல்ல.

காம்பஸ் தப்பாகக் காட்டுகிறதே?

சப்வூஃபரின் காந்தம்தான். ஒட்டுவதற்கு முன்பே சோதியுங்கள்: படகை ஒரே திசையில் கட்டி நிறுத்தி, ஸ்பீக்கரைக் கையில் பிடித்துக்கொண்டு பெட்டி வரப்போகும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். முள் அசைந்தால் பெட்டி வேறு இடத்துக்கு மாற வேண்டும், இல்லையென்றால் காம்பஸ் மாற வேண்டும். ஆட்டோபைலட்டின் மின்னணு காம்பஸுக்கும் இதே சோதனை. ஆம்புக்குப் போகும் ப்ளஸ், மைனஸ் வயர்களை ஒன்றோடொன்று முறுக்கி இழுங்கள். மின்னோட்டத்தால் வரும் தொல்லை குறையும்.

அதோடு, வி.எச்.எஃப். ரேடியோ இருந்தால் சத்தத்தின் உச்ச அளவை முடிவு செய்யும்போது அதை சேனல் 16-ல் திறந்து வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். ஆபத்தில் இருப்பவர் கூப்பிடும் குரல் உங்கள் காதில் விழ வேண்டும். விழாத அளவுக்குச் சத்தம் என்றால் அது கூடுதல்.

பெட்டியைப் படகோடு எப்படிப் பிணைப்பது?

ஸ்பீக்கரோடு சேர்த்து 15 கிலோ தாண்டும். அலையில் படகு எகிறி விழும்போது பிணைக்காத பெட்டி காலை முறித்துவிடும். ஆனால் படகின் அடிப்பாகத்தில் ஒரு திருகுகூட இறக்கக்கூடாது. தளத்தின் மேலும் கன்சோல் சுவரிலும் மரைன் ப்ளைவுட் கட்டைகளை எபாக்ஸியால் ஒட்டி, அவற்றோடு 316 ரக ஸ்டெயின்லெஸ் போல்ட்டால் பெட்டியை மாட்டுங்கள். 304 ரகம் கடலில் துருக்கறை காட்டும். பெட்டியைத் தளத்திலிருந்து ஒரு அங்குலம் உயர்த்தி வைத்தால் அடியில் தண்ணீர் ஓடிப்போக வழி இருக்கும்.

எல்லாம் முடிந்தது. சத்தம் எதிர்பார்த்த அளவு இல்லையே?

முதலில் சப்வூஃபரின் ப்ளஸ், மைனஸ் வயரை மாற்றிப் போட்டுப் பாருங்கள். மற்ற ஸ்பீக்கர்களோடு எதிர்த்திசையில் ஆடினால் பேஸ் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மாற்றிப் போட்டதும் திடீரென்று உயிர் வந்துவிடும். அடுத்து, கோனை நான்கு விரலால் மெதுவாக, சமமாக அழுத்தி விடுங்கள். நிதானமாக எழுந்துவந்தால் பெட்டி காற்றுப் புகாமல் இருக்கிறது. சட்டென்று எழுந்தால் எங்கோ கசிவு. ஊதுபத்திப் புகையைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு தாழ்ந்த சுரத்தை ஓடவிட்டால் இடம் காட்டிக்கொடுக்கும். இரண்டும் சரி என்றால் சப்வூஃபருக்குத் தாழ்ந்த ஒலியை மட்டும் விடும் லோ பாஸை 80, 90 ஹெர்ட்ஸில் வைத்துவிட்டு, மற்ற ஸ்பீக்கர்களுக்கு அதே இடத்தில் மேல் ஒலியை மட்டும் விடும் ஹை பாஸ் போடுங்கள். சின்ன ஸ்பீக்கர்கள் பேஸ் சுமையிலிருந்து விடுபட்டதும் முழுப் படகும் தெளிவாகும்.

படகை நாலைந்து மாதம் கரையில் ஏற்றி வைக்கும்போது பெட்டியைக் கழற்ற வேண்டுமா?

பெட்டியை வேண்டாம், ஸ்பீக்கரை மட்டும் கழற்றுங்கள். உள்ளே டார்ச் அடித்து, பஞ்சைத் தொட்டு ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பஞ்சை வெளியே எடுத்துக் காயவைத்து, பெட்டியை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, இரண்டு நாள் திறந்து விடுங்கள். வயர் முனைகளில் பச்சை பூத்திருந்தால் அந்த அளவை வெட்டி எறிந்துவிட்டுப் புது லக் (வயர் முனையில் மாட்டும் உலோகக் காது) போட்டு அமுக்குங்கள். அதனால்தான் முதலிலேயே ஒரு சாண் வயர் கூடுதலாக விட வேண்டும்.